மலைமேல் ஏறும் நீர்: சிம்லாவுக்குச் செல்வோர் கவனத்திற்கு

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்து, தில்லியிலும் சண்டிகரிலும் வெயில் நாற்பது பாகையைத் தாண்டியதும், சிம்லாவை நோக்கிக் கார்கள் வரிசைகட்டத் தொடங்குகின்றன. இரண்டு இரவுகள் தங்கல். ரிட்ஜ் திடலில் கிறிஸ்து தேவாலயத்தின் முன் ஒரு படம், மால் ரோட்டில் ஒரு நடை, ஜாகூ குன்றில் 108 அடி உயர அனுமன் சிலை, குஃப்ரியில் குதிரைச் சவாரி. மூன்றாம் நாள் காலையில் புறப்பாடு. பயண நிறுவனங்கள் விற்கும் சிம்லா பெரும்பாலும் இதுதான். இந்தப் பயணத்தில் குறை காண ஒன்றுமில்லை. வெயிலிலிருந்து தப்பிக் குளிர்ச்சியைத் தேடிப் போவது எல்லோருக்கும் உரியது. ஆனால் அப்படிப் போய்வருகிறவர் ஒரு மலைவாசத்தலத்தைப் பார்த்துத் திரும்புகிறாரே தவிர, ஒரு தலைநகரத்தைப் பார்ப்பதில்லை. சிம்லாவின் இன்றைய சிக்கல்களில் பாதி இந்தப் பார்வைப் பிழையிலிருந்தே பிறக்கின்றன.

சிம்லா இமாச்சலப் பிரதேசத்தின் தலைநகரம். மாநிலத்தின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் அங்கே இருக்கின்றன. ஆப்பிள் தோட்டங்களிலிருந்தும் பனி மூடிய பள்ளத்தாக்குகளிலிருந்தும் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வந்துசேரும் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மலைக் கிராமத்து இளைஞர்கள் படிக்கவரும் இமாச்சலப் பிரதேசப் பல்கலைக்கழகமும் அங்கேதான் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் 1,69,578 பேர். இவர்கள் அனைவரும் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், இருபுறமும் சரியும் ஒரு முகட்டின்மீது வாழ்கிறார்கள். அந்த முகட்டில் பெரிய ஆறு கிடையாது, ஏரியும் கிடையாது. ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் கீழிருந்தோ தொலைவிலிருந்தோ கொண்டுவரப்பட வேண்டும். சுற்றுலாப் பயணி பயன்படுத்தும் நீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இந்த இடத்தில் ஒரு நகரம் ஏன் எழுந்தது என்பதைத் தெரிந்துகொள்வது, அதை இன்று எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கும் உதவும். 1814 முதல் 1816 வரை நடந்த கூர்க்காப் போருக்குப் பின் இந்த மலைப்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கை ஓங்கியது. 1822இல் கென்னடி என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே வீடு கட்டிக் குடியேறினார். நோயிலிருந்து மீளும் படைவீரர்களும், வெயிலைப் பொறுக்காத அதிகாரிகளும் தொடர்ந்து வந்தனர். 1864இல் சிம்லா பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைத் தலைநகரம் ஆயிற்று. கல்கத்தாவிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால், ரயில் பாதை இல்லாத காலத்தில், ஆண்டின் பெரும்பகுதிக்கு ஒரு பேரரசின் ஆட்சி இந்தக் குறுகிய முகட்டிலிருந்து நடந்தது.

அந்த ஆட்சியை மலைமேல் ஏற்றியவை மனிதத் தோள்கள். கோப்புகள், மேசைகள், பியானோக்கள், மதுப்புட்டிகள், பெண்களும் குழந்தைகளும் அமர்ந்த பல்லக்குகள் என யாவும் சுமையாட்களால் தூக்கிச்செல்லப்பட்டன. சுற்றிலுமிருந்த சிற்றரசுகளின் குடிகள் கூலியின்றியோ அற்பக் கூலிக்கோ செய்ய நேர்ந்த கட்டாய வேலைக்கு ‘பேகார்’ என்று பெயர். தமிழில் ஊழியம், வெட்டி என்று வழங்கிய முறையின் மலைநாட்டு வடிவம் அது. கோட்கட் பகுதியில் ஆப்பிள் வேளாண்மையைப் பரப்பியவராக இன்று நினைக்கப்படும் ஸ்டோக்ஸ், அமெரிக்காவில் பிறந்து இந்தியராகவே வாழ்ந்தவர். 1921ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பேகார் முறைக்கு எதிராக மலைமக்களைத் திரட்டிப் போராடியவரும் அவரே. அதே 1921இல் முதன்முறையாகச் சிம்லாவுக்கு வந்த காந்தி, ஐந்நூறாவது மாடியில் அமர்ந்துகொண்டு தரையிலிருக்கும் மக்களை ஆள முயலும் அரசு என்ற பொருளில் அந்நகரைப் பற்றி எழுதினார். மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவும் அவரை வருத்தியது.

காந்தியின் உவமை மிகையன்று. சிம்லாவில் உயரமே சமூக அந்தஸ்தாக இருந்தது. மேலே வைஸ்ராயின் மாளிகையும் அதிகாரிகளின் இல்லங்களும்; முகட்டை ஒட்டி ஆங்கிலேயர் உலாவும் மால் ரோடு; அதற்குக் கீழே, படிகள் இறங்கிச் செல்லும் சரிவில், இந்திய வணிகர்களும் எழுத்தர்களும் வேலையாட்களும் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் பஜார். சிம்லாவின் சாலைகளில் குதிரை வண்டியில் செல்லும் உரிமை வைஸ்ராய், படைத்தலைவர், பஞ்சாபின் துணைநிலை ஆளுநர் ஆகிய மூவருக்கே இருந்தது. ஏனையோர் நடந்தார்கள், குதிரையில் சென்றார்கள், அல்லது நான்கைந்து பேர் தள்ளியும் இழுத்தும் செல்லும் ரிக்‌ஷாவில் அமர்ந்தார்கள். சுமைதூக்குவோரும் எளிய உடை அணிந்த இந்தியரும் மால் ரோட்டில் நடமாடக் கட்டுப்பாடுகள் இருந்தன. இன்று அதே சாலையில் லூதியானாவிலிருந்து வந்த கடைக்காரரின் குடும்பமும், ரோத்தக்கிலிருந்து வந்த புதுமணத் தம்பதியரும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடக்கிறார்கள். இது சிறிய மாற்றமன்று. சிம்லாவின் கூட்டத்தைப் பற்றி முகம்சுளித்துப் பேசுவோர் முதலில் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கூட்டம் அங்கே நிற்பதற்குப் பின்னால் ஒரு விடுதலைப் போராட்டம் இருக்கிறது.

தோள்களின் சுமையைப் பெருமளவு குறைத்தது ரயில். 1903இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா ரயில்பாதை 96 கிலோமீட்டர் நீளமுடையது. இரண்டரை அடி அகலம் கொண்ட குறும்பாதை. ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் உள்ள கால்காவில் தொடங்கி 2,000 மீட்டருக்கு மேலே ஏறுகிறது. இன்று பயன்பாட்டில் உள்ள குகைகள் 102. பாலங்கள் எண்ணூறுக்கும் மேல். பாரோக் என்னுமிடத்தில் உள்ள குகை மட்டும் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். பல கண்களும் பல அடுக்குகளும் கொண்ட அதன் வளைவுப் பாலங்கள் மலைச்சரிவை அதிகம் வெட்டாமல் பள்ளங்களைக் கடப்பதை இன்றும் காணலாம். 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ‘பொம்மை ரயில்’ என்ற செல்லப்பெயர் அதன் பொறியியலை மறைத்துவிடுகிறது. ஐந்து மணிநேரத்திற்கும் மேலாகும் அந்தப் பயணத்தில் முள்புதர்களும் சீர் பைனும் விலகித் தேவதாருவும் ஓக்கும் தலைகாட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஏறுபவர், தாம் எவ்வளவு உயரத்திற்கு வந்திருக்கிறோம் என்பதை உடலால் அறிகிறார். நான்குவழிச் சாலையில் காரில் வந்து இறங்குபவருக்கு அந்த அறிவு கிட்டுவதில்லை.

தலைநகரமாகச் சிம்லாவைப் பார்க்க விரும்புவோர் தவறவிடக்கூடாத கட்டடம் முன்னாள் வைஸ்ராய் மாளிகை. 1888இல் முடிவடைந்த அந்தச் சாம்பல்நிறக் கல் மாளிகையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். தமிழ் வாசகருக்கு அவர் அயலாரல்லர். சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களிலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் அவருடைய கைவண்ணம் இருக்கிறது. 1945 ஜூன், ஜூலை மாதங்களில் வேவல் பிரபு காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களை அழைத்து நடத்திய சிம்லா மாநாடு தோற்றது இந்த மாளிகையில்தான். 1947 மே மாதம் மவுண்ட்பேட்டன் தம்முடைய அதிகார மாற்றத் திட்டத்தின் வரைவை நேருவிடம் காட்டியதும், நேரு அதைக் கடுமையாக மறுத்ததும், வி.பி. மேனன் சில மணிநேரத்தில் மாற்று வரைவை எழுதித் தந்ததும் இங்கே சிம்லாவில் நிகழ்ந்தவை. கோடிக்கணக்கான மனிதர்களின் ஊரும் வீடும் எந்த நாட்டில் இருக்கும் என்பதைத் தீர்மானித்த பேச்சுகள் தேவதாரு நிழலில் நடந்தன. விடுதலைக்குப் பின் குடியரசுத் தலைவரின் கோடை இல்லமாக இருந்த அந்த மாளிகையை, உயர் ஆய்வுக்கான நிறுவனத்திற்கு அளிக்க முன்னின்றவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1965 முதல் அது இந்திய உயர் ஆய்வு நிறுவனமாக இயங்கிவருகிறது. அரசர்கள் நடனமாடிய கூடம் இன்று நூலகம். பயணிகள் சீட்டு வாங்கி வழிகாட்டியுடன் அதன் சில பகுதிகளைக் காணலாம். 1972 ஜூலை 2 அன்று இந்திரா காந்தியும் சுல்பிகார் அலி பூட்டோவும் கையெழுத்திட்ட சிம்லா ஒப்பந்தம் உருவான பார்ன்ஸ் கோர்ட்டும் இதே நகரில்தான் உள்ளது.

விடுதலைக்குப் பின் சிம்லா சுருங்கவில்லை, வளர்ந்தது. லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்குச் சண்டிகர் கட்டப்படும்வரை சிம்லாவே தலைநகரமாயிற்று. 1971 ஜனவரி 25 அன்று இமாச்சலப் பிரதேசம் முழு மாநிலத் தகுதி பெற்றபோது அதன் தலைநகரமும் இதுவே. கோடையில் வந்து குளிரில் இறங்கிவிடும் அரசுக்கு மாறாக, ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும் அரசு வந்தது. அலுவலர்கள் வந்தார்கள், அவர்களுக்கு வீடுகள், பிள்ளைகளுக்குப் பள்ளிகள், கடைகள், விடுதிகள். சுமார் 25,000 பேருக்கென அமைந்த நகரம் என்பது சிம்லாவைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. இன்று நிலையாக வாழ்வோரே அதைப்போலப் பல மடங்கு. அதற்குமேல் பருவகாலத்தில் பயணிகளின் கூட்டம்.

இந்தப் பெருக்கத்தை முதலில் உணர்ந்தது நீர். ரிட்ஜ் திடல் சிம்லாவின் மையம் மட்டுமன்று. அது ஒரு நீர்ப்பிரிமுகட்டின் பகுதி. அதன் ஒரு சரிவில் விழும் மழை சட்லெஜில் கலந்து, சிந்து வழியாக அரபிக்கடலை அடைகிறது. மறுசரிவில் விழும் மழை கிரி ஆற்றின் வழியே யமுனையையும் கங்கையையும் சேர்ந்து வங்கக்கடலுக்குப் போகிறது. துணைக்கண்டத்தின் இரு பெரும் ஆற்று அமைப்புகளுக்கு இடையில் நிற்கும் நகரத்திற்குத் தனக்கென்று ஆறு இல்லை என்பது புவியியலின் வேடிக்கை. பயணிகள் நின்று படமெடுக்கும் அந்தத் திடலுக்கு அடியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட, பல லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. பழைய நகரின் பெரும்பகுதிக்கு இன்றும் அதிலிருந்தே நீர் பிரிகிறது. அந்தத் திடலில் நிற்பவரில் எத்தனை பேருக்குத் தம் காலடியில் ஊரின் குடிநீர் இருப்பது தெரியும்?

அந்தத் தொட்டிக்கு வரும் நீரின் பெரும்பங்கு கும்மா, கிரி முதலிய நீரேற்று நிலையங்களிலிருந்து மேலே தள்ளப்படுகிறது. கும்மாவிலிருந்து ஏறும் நீர் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தைக் கடக்கிறது. ஆயிரம் லிட்டர் நீரை ஆயிரம் மீட்டர் உயர்த்த, பொறிகளில் இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 2.7 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் இன்னும் அதிகம். சமவெளி நகரில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குபவர் வீணாக்குவது நீரை. சிம்லாவில் அதையே செய்பவர் நீரோடு மின்சாரத்தையும் வீணாக்குகிறார். விடுதி அறையில் ஒரு குளியல் தொட்டி நிரம்ப நூற்றைம்பது லிட்டருக்கு மேல் ஆகும். நெருக்கடிக் காலத்தில் ஒரு குடும்பத்தின் முழுநாள் தேவைக்கு அது போதுமானது.

அப்படியொரு நெருக்கடி 2018இல் வந்தது. அதற்கு முன்பே ஒரு முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தது. 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் சிம்லாவில் மஞ்சள்காமாலை பரவியது. நகரின் நீராதாரங்களில் ஒன்றான அஷ்வனி ஓடையில், மேலே இருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சரியாகச் சுத்திகரிக்கப்படாத கழிவு கலந்ததே காரணம். மேட்டில் வாழ்பவரின் கழிவு பள்ளத்தில் இருப்பவரின் குடிநீராகும் என்பது மலையின் எளிய விதி. சிம்லாவில் அது சுற்றிவந்து மேட்டில் வாழ்பவரின் குவளைக்கே திரும்பியது. அந்த ஆதாரத்திலிருந்து நீர் எடுப்பது நிறுத்தப்பட்டதால் நகரின் கையிருப்பு குறைந்தது. 2017–18 குளிர்காலத்தில் பனியும் மழையும் பொய்த்தன. மே மாத இறுதியில் நாளொன்றுக்கு நான்கு கோடி லிட்டருக்கும் மேல் தேவைப்பட்ட நகருக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதில் பாதி.

சில பகுதிகளுக்கு ஒரு வாரத்திற்கும் மேலாகக் குழாயில் நீர் வரவில்லை. மக்கள் நள்ளிரவில் குடங்களோடு லாரிகளுக்காகக் காத்து நின்றார்கள். சாலையில் இறங்கிப் போராடினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுக் கட்டுமானப் பணிகளையும் கார் கழுவுவதையும் தற்காலிகமாகத் தடுத்தது. முக்கியப் பிரமுகர்களின் வீடுகளுக்குத் தனியே லாரி அனுப்புவதையும் கட்டுப்படுத்தியது. அரசுப் பள்ளிகள் சில நாள் மூடப்பட்டன. கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. சிம்லா மக்களே சமூக ஊடகங்களில், தயவுசெய்து இப்போது எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்ற பொருளில் வேண்டுகோள் விடுத்தார்கள். விருந்தோம்பலையே தொழிலாகக் கொண்ட ஊர் விருந்தினரை வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தால், அந்த ஊரின் நிலையைப் புரிந்துகொள்ள வேறு புள்ளிவிவரம் தேவையில்லை.

நீருக்கு அடுத்தது நிலம். இமயம் வயதில் இளைய மலை, இன்னும் உயர்ந்துகொண்டிருப்பது. சிம்லா நிலநடுக்க ஆபத்து மிகுந்த மண்டலத்தில் இருக்கிறது. செங்குத்துச் சரிவை வெட்டி அடித்தளம் அமைக்கும்போது இரண்டு கேடுகள் நேர்கின்றன. சரிவின் அடிப்பிடிமானம் குறைகிறது. வெட்டிய மண் பெரும்பாலும் கீழே இருக்கும் ஓடையில் கொட்டப்படுகிறது. மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது. வழி தேடும் நீர் மண்ணுக்குள் இறங்கி அதன் எடையைக் கூட்டுகிறது. மண்துகள்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. கசியும் குழாய்களும் கழிவுநீர்க் குழிகளும் மழை இல்லாத காலத்திலும் இதே வேலையைச் செய்கின்றன. கடைசியில் ஒரு பெருமழை நாளில் சரிவு தன் சுமையை இறக்கிவைக்கிறது.

2023 ஆகஸ்ட் 14 அன்று சம்மர் ஹில் பகுதியில் அதுவே நடந்தது. சாவன் மாதத் திங்கட்கிழமை வழிபாட்டுக்காகச் சிவன் கோயிலில் கூடியிருந்தோர்மீது மலைச்சரிவு இறங்கியதில் 20 பேர் மாண்டார்கள். அதே சரிவில் உலகப் பாரம்பரிய ரயில்பாதையின் ஒரு பகுதி அடித்துச்செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்தக் கோயிலின் பெயர் ஷிவ் பாவ்டி. பாவ்டி என்பது படிகளோடு கூடிய ஊற்றுக்கிணற்றைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் ஊற்று இருந்த இடத்தை ஊர் தன் சொல்லில் நினைவு வைத்திருந்தது. அடுத்த நாள் கிருஷ்ணா நகரில் வீடுகள் சரிந்து விழுந்தன. துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் பல வாழும், லோயர் பஜாருக்கும் கீழே உள்ள குடியிருப்பு அது. பயணிகளின் அறைகளைப் பெருக்குகிறவர்களும் அவர்கள் விட்டுச்சென்ற குப்பையை அள்ளுகிறவர்களும் வாழும் சரிவே எப்போதும் அதிக ஆபத்தில் இருக்கிறது. உயரத்தால் தரம் பிரித்த பழைய சிம்லா மறைந்துவிடவில்லை.

2017 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சிம்லாவின் மையப் பகுதியிலும் பசுமைப் பகுதிகளிலும் புதிய கட்டுமானத்தைத் தடைசெய்தது. பிற இடங்களில் இரண்டு தளங்களும் ஒரு மாடமும் மட்டுமே என்று வரையறுத்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை விலக்கி, 2041ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட நகர வளர்ச்சித் திட்டத்தை அரசு நடைமுறைப்படுத்த வழிவிட்டது. திட்டமிடும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு உண்டு என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உரிமை அரசிடம் வந்துவிட்டபின், அடுத்த சரிவுக்குப் பொறுப்பும் வேறு எவரிடமும் இருக்க முடியாது.

இவ்வளவும் சொன்னபின், எல்லாப் பழியையும் பயணியின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. 2018இல் நீர் குறைந்ததற்குப் பழைய குழாய்களின் கசிவும், பொய்த்த பனியும், பல ஆண்டு அலட்சியமும் காரணங்கள். விதிமீறிய மாடிகளை எழுப்பியோர் பயணிகள் அல்லர். கட்டியோரும் கண்டுகொள்ளாமல் விட்டோரும் உள்ளூரில் இருப்பவர்கள். சுற்றுலா இல்லாவிட்டால் விடுதிப் பணியாளர், வாடகைக்கார் ஓட்டுநர், லக்கட் பஜாரின் மரக் கைவினைக் கடைக்காரர், ‘கான்’ என்று ஊரார் அழைக்கும் காஷ்மீரச் சுமையாட்கள் ஆகியோரின் அடுப்பு எரியாது. பயணிகளை விரட்டிவிட்டால் மலை காப்பாற்றப்படும் என்று நம்புவது, நோயாளியை அனுப்பிவிட்டால் மருத்துவமனை நன்றாக நடக்கும் என்று நம்புவதைப் போன்றது.

இன்னொரு யோசனையும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது: பூட்டானைப் பாருங்கள் என்பது. திம்புவுக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணி 2023 செப்டம்பர் முதல் ஓர் இரவுக்கு 100 டாலர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் செலுத்துகிறார். இந்தியருக்கு அது 1,200 ரூபாய். குறைந்த எண்ணிக்கை, உயர்ந்த கட்டணம் என்பது அந்நாட்டின் நெடுநாள் கொள்கை. ஒரு சிறிய இறையாண்மை நாடு தன் எல்லையில் அப்படிச் செய்யலாம். இந்தியக் குடியரசின் ஒரு மாநிலத் தலைநகரம் அப்படிச் செய்வது சிக்கலானது. நுழைவுக்கு உயர்ந்த விலை வைத்தால் தில்லியின் செல்வர்கள் வருவதை அது தடுக்காது. நடுத்தர, எளிய குடும்பங்களையே தடுக்கும். மால் ரோடு மீண்டும் துரைமார்களுக்கு உரியதாகும். துரைகள் மட்டும் மாறியிருப்பார்கள். மேலும், அதிகம் செலுத்தியவர் அதிகம் கேட்பார். குளியல் தொட்டியும் நீச்சல்குளமும் கேட்பவர் பெரும்பாலும் மலிவு அறையில் தங்குபவர் அல்லர்.

ஆகவே அளக்க வேண்டியது பயணியின் பணப்பையை அன்று. அவர் மலைமீது வைக்கும் சுமையை. அந்தச் சுமை மூன்று வகை: வாகனம், நீர், கட்டடம். வாகனத்தைப் பொறுத்தவரை நீலகிரியில் நீதிமன்ற ஆணையால் 2024 மே மாதம் தொடங்கிய இ-பாஸ் முறை தமிழ் வாசகர் அறிந்த முன்மாதிரி. அது குறையற்றதன்று, எனினும் ஒரு மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வியை அது பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. சிம்லாவில் பருவகாலத்தில் வெளியூர்க் கார்களை நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேருந்தில் அழைத்துவர முடியும். பேருந்தில் வருபவருக்கும் ரயிலில் வருபவருக்கும் எந்த வரம்பும் தேவையில்லை. அப்போது தடுக்கப்படுவது கார், மனிதர் அல்லர்.

நீரைப் பொறுத்தவரை, விடுதிகளுக்கு அளவுமானி கட்டாயமாக்கி, அறையொன்றுக்கு ஓர் அளவு நிர்ணயித்து, அதற்குமேல் செலவாகும் நீருக்கு மலைமேல் ஏற்றும் முழுச்செலவையும் வசூலிக்கலாம். மழைநீர்த் தொட்டி இல்லாத விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. நகருக்கு அன்றன்று வந்த நீர் எவ்வளவு என்பதை ரிட்ஜ் திடலில், எல்லோரும் படமெடுக்கும் இடத்திலேயே, ஒரு பலகையில் எழுதிவைக்கலாம். செலவு குறைந்த இந்தச் செயல் பல விளம்பரங்களைவிடப் பயன் தரும். சட்லெஜிலிருந்து நீரேற்றும் பெரிய திட்டம் உலக வங்கியின் துணையோடு முன்னெடுக்கப்பட்டுள்ளது. அது தேவையானதே. ஆனால் கூடுதல் நீர் கூடுதல் விடுதிகளுக்கான அழைப்பாகிவிட்டால், சில ஆண்டுகளில் அதே வரிசை, அதே குடங்கள், இன்னும் கனத்த சரிவு. கட்டடத்தைப் பொறுத்தவரை சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை: இருக்கும் விதிகளை அரசு அலுவலகங்கள் உட்பட அனைவருக்கும் ஒன்றாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

பயணியின் பங்கும் சிறியதன்று, கடினமானதும் அன்று. மே, ஜூன் வார இறுதிகளைத் தவிர்த்து, அக்டோபர், நவம்பரில் போகலாம். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும். தொலைவில் பனிமலை வரிசை துலங்கும். கால்காவிலிருந்து ரயிலிலோ அரசுப் பேருந்திலோ ஏறலாம். இரண்டு நாளில் ஐந்து இடங்களைத் தொடுவதைவிட நான்கு நாள் தங்கி நடக்கலாம். சிம்லா நடப்பதற்கென்றே அமைந்த நகரம். மால் ரோட்டில் பொது வாகனங்களுக்கு இன்றும் இடமில்லை. சௌரா மைதானத்து மாநில அருங்காட்சியகத்தில் பஹாடி சிற்றோவியங்களைப் பார்க்கலாம். 1887இல் கட்டப்பட்ட கெயிட்டி அரங்கில் நாடகம் நடந்தால் பார்க்கலாம். இந்தியன் காபி ஹவுஸில் அமர்ந்து உள்ளூர் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அரசியல் பேசுவதைக் கேட்கலாம்; ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அங்கே தெரியும். பின் லோயர் பஜாரின் படிகளில் இறங்க வேண்டும். நகரின் உண்மையான அன்றாடம் அங்கேதான் இருக்கிறது.

விடுதியில் அறை கேட்கும்போது, சன்னலிலிருந்து பனிமலை தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று பத்தில் ஒருவர் கேட்டாலும் விடுதியாளர்கள் பதில் வைத்திருக்கத் தொடங்குவார்கள். பெட்டியைத் தூக்கிவரும் சுமையாளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதிருப்பதும் இதில் சேரும். அவருடைய தோள், ஒரு பேரரசைக் கூலியில்லாமல் மலையேற்றிய தோள்களின் தொடர்ச்சி. அவருக்கு முழுக்கூலி கொடுப்பது தயவு ஆகாது, நெடுநாள் நிலுவை.

சிம்லாவுக்குப் போக வேண்டாம் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. இந்த நாட்டின் எல்லைகள் பேசப்பட்ட ஊரை, இன்றும் ஒரு மலைமாநிலம் தன்னை ஆண்டுகொள்ளும் ஊரை, இந்நாட்டு மக்கள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே அறைச் சாவியை வாங்கும் கணத்திலிருந்து பயணி, சில நாளுக்கேனும், அந்நகரின் குடிமக்களோடு ஒரே தொட்டியிலிருந்து நீர் அருந்துகிறார். ஒரே சரிவின்மீது உறங்குகிறார். அந்த நாட்களுக்கு அவர்களுடைய பொறுப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. வரும் கோடைக்குச் சீட்டு முன்பதிவு செய்வோர் இதையும் தங்கள் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் நல்லது.